கொள்ளி வைக்க ஒரு பிள்ளை: நடுநாட்டில் ஆணின் பிள்ளையின்மை

மலடி என்ற சொல் ஊர்வாயில் புழங்கிய அளவுக்கு மலடன் என்ற சொல் புழங்கியதில்லை. கல்யாணமாகி மூன்று மாதம் ஆவதற்குள் “விசேஷம் ஏதும் உண்டா?”, “வயித்துல புழு பூச்சி இருக்கா?” என்று கேட்கப்படுபவள் பெண். அரசமரத்தைச் சுற்றிவிட்டு அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தாளாம் என்ற பழமொழியிலும் சுற்றுகிறவள் அவளே. ஆணின் பக்கம் குறை இருக்கக்கூடும் என்ற எண்ணம் தென்பெண்ணைக் கரை ஊர்களில் வெளிப்படையான பேச்சுக்கு வர வெகுகாலம் பிடித்தது. அதே வட்டாரத்தில்தான் பிள்ளையில்லாமல் ஏங்கிய ஓர் ஆணின் கதை பல நூறு ஆண்டுகளாகச் சடங்காகவே நடந்துவருகிறது. கதை வல்லாள மகாராஜாவுடையது. சடங்கைச் செய்கிறவர் திருவண்ணாமலை அருணாசலேஸ்வரர்.

அண்ணாமலையார் மலையடிவாரத்தை விட்டு ஆறு தேடிப் போகும் நாட்கள் ஆண்டில் மூன்று. தை 5ஆம் நாள் மணலூர்பேட்டைத் தென்பெண்ணை, ரதசப்தமியன்று கலசபாக்கம் செய்யாறு, மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டில் கௌதம நதி. மூன்றில் மணலூர்பேட்டைக்கு வருவது கொண்டாட்ட வருகை. பொங்கல் பானையின் மஞ்சள்கொத்து காய்வதற்குள் ஆற்றுத் திருவிழா வந்துவிடும். மணலில் பந்தல் போட்டிருக்கும்; கடைகள் முளைத்திருக்கும்; சுற்றூர்ச் சாமிகளும் வந்து சேர்ந்திருப்பார்கள். சூல வடிவான அஸ்திரதேவரை நீரில் முழுக்கி எடுத்ததும், கரையில் காத்திருக்கும் சனம் மொத்தமும் ஆற்றில் இறங்கும்.

மாசி மகத்து வருகை வேறு வகை. தைப்பூசத்தன்று தீர்த்தவாரி முடிந்து கோயில் திரும்பும் அண்ணாமலையாரிடம், வல்லாள மகாராஜா போரில் இறந்துபோனார் என்ற சேதி சொல்லப்படும். அந்த இடத்திலேயே மேளம் நின்றுவிடும். சாமி ஓசையில்லாமல் கோயிலுக்குள் போவார். பிறகு மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டு ஆற்றங்கரையில், மகன் முறையில் மகாராஜாவுக்குத் திதி கொடுப்பார். ஒரு மனிதனுக்குக் கடவுளே பிள்ளையாகி ஆண்டுதோறும் நீர்க்கடன் கழிப்பது தமிழ்க் கோயில் மரபில் அரிதினும் அரிது. பிள்ளை இல்லாத ஆணின் துக்கத்தை இவ்வளவு மரியாதையோடு நடத்தும் இன்னொரு வழக்கத்தை நடுநாட்டில் காண்பது கடினம்.

கதையைச் சைவ எல்லப்ப நாவலர் தம் அருணாசலப் புராணத்தில் தனிச் சருக்கமாகப் பாடியிருக்கிறார். வல்லாளனுக்கு மல்லமாதேவி, சல்லமாதேவி என இரு மனைவியர். இருவருக்கும் பிள்ளை இல்லை. தானதருமத்தில் குறை வைக்காத அரசனைச் சோதிக்கச் சிவனடியார் வடிவில் வந்த இறைவன், அன்றிரவு தமக்கு ஒரு தாசி வேண்டும் என்று கேட்கிறார். ஊரில் ஒருத்தியும் ஒழிவாக இல்லை. சொன்ன சொல் தவறக்கூடாதென்று இளையராணி சல்லமாதேவி தானே முன்வருகிறாள். அவள் தொட்டதும் அடியார் கைக்குழந்தையாகிறார். அரசன் ஓடிவந்து வாரியெடுக்க, குழந்தை மறைகிறது. பிள்ளைக்குப் பிள்ளையாய் நின்று ஈமக்கடன் தாமே செய்வதாக இறைவன் வாக்குத் தருகிறார்.

வரலாற்றில் இந்த அரசன் ஹொய்சள மன்னன் மூன்றாம் வீரவல்லாளன். 1311இல் மாலிக் காபூர் படை துவாரசமுத்திரத்தைத் தாக்கியபின், தில்லியின் கை எட்டாத இடம் தேடியவன், திருவண்ணாமலையைத் தன் தலைநகரங்களில் ஒன்றாக ஆக்கிக்கொண்டான். கோயிலின் வல்லாள கோபுரம் இன்றும் அவன் பெயரில் நிற்கிறது. 1342–43இல் கண்ணனூர்க் குப்பத்தில் மதுரை சுல்தானோடு நடந்த போரில் சிறைப்பட்டுக் கொல்லப்பட்டான். அப்போது ஏறக்குறைய 80 வயது. தோலை உரித்து வைக்கோல் திணித்து மதுரை மதிலில் தொங்கவிட்டிருந்ததை, சுல்தானின் உறவினராக அங்கே தங்கிய இபின் பதூதா எழுதிவைத்திருக்கிறார். முறையாக எரிக்கப்படாத உடல் அது. அந்த அரசனுக்குத்தான் கடவுள் திதி கொடுக்கிறார் என்பதை நினைத்தால், சடங்கின் வேர் பிடிபடுகிறது.

இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. மூன்றாம் வல்லாளனுக்கு மகன் உண்டு. விருபாட்ச வல்லாளன் என்ற அவன் தந்தைக்குப் பின் சிறிது காலம் பட்டத்தில் இருந்தான். ஹொய்சள வம்சம் அவனோடு முடிந்தது. அப்படியானால் புராணத்து அரசன் ஏன் பிள்ளையில்லாதவன் ஆனான்? வம்சம் அற்றுப்போனதைப் பிள்ளையின்மை என்று ஊர் நினைவு மாற்றிக்கொண்டிருக்கலாம். அது ஊகம்தான். ஆனால் கதையைக் கதையாகவே எடுத்துக்கொண்டாலும் ஒன்று கண்ணில் படுகிறது. இரு மனைவியர், இருவருக்கும் பிள்ளை இல்லை. இன்று எந்த மருத்துவரும் முதலில் சோதிக்கச் சொல்வது கணவனை. கதைக்குள் அந்தக் கேள்வியை ஒருவரும் கேட்கவில்லை.

மகன் ஏன் இவ்வளவு வேண்டியிருந்தான் என்பதற்கு விடை சுடுகாட்டிலும் இருந்தது, பத்திரத்திலும் இருந்தது. கொள்ளி வைக்கவும் திதி கொடுக்கவும் ஆண்பிள்ளை வேண்டும். இல்லையென்றால் பங்காளி செய்வான். நிலமும் பங்காளிக்குப் போகும். அதனால்தான் தத்து வழக்குகள் லண்டன்வரை சென்றன. பிள்ளையின்றி இறந்த ஜமீன்தாரின் விதவை தத்தெடுக்கலாமா என்ற இராமநாதபுரம் வழக்கில், கணவனின் நெருங்கிய பங்காளிகள் ஒப்பினால் எடுக்கலாம் என்று 1868இல் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. தஞ்சாவூருக்கு அந்த வாய்ப்பும் கிட்டவில்லை. கடைசி மராட்டிய மன்னர் சிவாஜி ஆண் வாரிசுக்காக ஒரே சமயத்தில் 17 பெண்களை மணந்தார். 1855இல் அவர் இறந்தபோது மகள்கள் இருந்தனர், மகன் இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனி அரசை எடுத்துக்கொண்டது.

பிறக்கும் பிள்ளை ஆணா பெண்ணா என்பது தந்தையின் விந்தணு கொண்டுவரும் குரோமோசோமால் தீர்மானமாகிறது. எக்ஸ் வந்தால் பெண், ஒய் வந்தால் ஆண். நெட்டி ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்கப் பெண் ஆய்வாளர் வண்டுகளை ஆராய்ந்து இதன் அடிப்படையை வெளியிட்டது 1905இல், தஞ்சை மன்னர் இறந்து சரியாக 50 ஆண்டு கழித்து. 17 மணமேடைகளில் தேடப்பட்டது அரசரின் உடலிலேயே இருந்தது.

அரண்மனையில் நடந்தது சிறிய அளவில் குடியானவர் வீட்டிலும் நடந்தது. பிள்ளை இல்லையென்றால் இளையாள் கட்டுவது வழக்கம். பல நேரம் மூத்தவளின் தங்கையையே கட்டினார்கள். சொத்தும் உறவும் சிதறாது என்பது கணக்கு. இரண்டாவதாக வந்தவளுக்கும் பிள்ளை இல்லையென்றால் இருவர் ராசியும் சரியில்லை என்று பேசினார்கள். சென்னை மாகாணச் சட்டமன்றம் 1949இல் இந்து இருதார மணத் தடைச் சட்டத்தையும், நாடாளுமன்றம் 1955இல் இந்து திருமணச் சட்டத்தையும் கொண்டுவந்தபின் அந்த வழி சட்டப்படி அடைபட்டது.

இத்தனைக்கும் பிள்ளை பெற முடியாத ஆண்கள் இந்த மண்ணின் இரவுகளுக்குப் புதியவர்கள் அல்லர். திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் படித்துத் தெருக்கூத்து ஆடும் வட்டாரம் இது. பிள்ளையின்றி மாண்ட விசித்திரவீரியன், சாபத்தால் மனைவியரை நெருங்க முடியாத பாண்டு, தேவர்களை அழைத்துப் பிள்ளை பெறும் குந்தி எல்லோரும் விடிய விடிய மேடையேறுகிறார்கள். குலம் நிற்க வேறொருவர் வித்தை ஏற்கலாம் என்பது பாரதத்தில் ஒளிவுமறைவற்ற விஷயம். கொங்குநாட்டுப் பின்னணியில் பெருமாள்முருகன் 2010இல் எழுதிய ‘மாதொருபாகன்’ நாவல் இதே நூலிழையைப் பிடித்தது. அதற்கு எழுந்த எதிர்ப்பு, மேடையில் தாங்கக்கூடியது வீட்டுக்கு அருகில் வந்தால் எவ்வளவு சுடும் என்பதைக் காட்டியது.

பழைய மருத்துவமும் ஆணை விட்டுவிடவில்லை. சித்த மருத்துவம் உடலின் ஏழு தாதுக்களில் கடைசியாக ஆணுக்குச் சுக்கிலத்தையும் பெண்ணுக்குச் சுரோணிதத்தையும் வைக்கிறது. உணவு சாரமாகி, செந்நீராகி, ஊன், கொழுப்பு, எலும்பு, மூளை என்று கடந்து இறுதியில் வடித்தெடுக்கப்படுவது விந்து என்பது கொள்கை. திருமந்திரத்தின் கர்ப்பக்கிரியைப் பகுதி, பிள்ளையின் பாலையும் ஆயுளையும்கூட ஆணின் மூச்சோட்டத்தோடும் விந்தின் பாய்ச்சலோடும் இணைத்துப் பேசுகிறது. நீர்முள்ளி, பூனைக்காலி, அமுக்கரா, நெருஞ்சி ஆகியவை தாது விருத்திக்கான சரக்குகள். பூனைக்காலி விதையைப் பிள்ளையில்லாத ஆண்களுக்குக் கொடுத்துப் பார்த்த லக்னோ ஆய்வாளர்கள், ஹார்மோன் அளவும் விந்தணுக்களின் நிலையும் மேம்பட்டதாக 2009இல் எழுதினர். சிறிய ஆய்வுதான், ஆயினும் நாட்டுச் சரக்கு ஒன்று அதில் எண்ணிக்கையோடு சோதிக்கப்பட்டது.

வித்தும் நிலமும் என்ற உவமை எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்தது. விந்து, வித்து என்ற சொற்களின் ஒலியொற்றுமையே அதற்கு வலுவூட்டியது. ஆண் விதைக்கிறான், பெண் நிலம். விளைந்தால் வித்துக்குப் பெருமை, விளையாவிட்டால் நிலம் களர். உழவர் வீட்டில் இது நடக்கக்கூடாத பிழை. முளைக்காத நெல்லைக் கண்டால் எந்தச் சம்சாரியும் முதலில் விதைக்கோட்டையைத்தான் சந்தேகிப்பான்.

ஐரோப்பாவும் இதே குழியில் விழுந்தது. 1677இல் ஹாலந்தில் துணி வியாபாரியான லேவன்ஹூக், தாமே தேய்த்துச் செய்த வில்லையினூடே விந்துத் துளியைப் பார்த்தார். யோஹன் ஹாம் என்ற மாணவர் அதில் உயிருள்ளவை ஓடுகின்றன என்று சொன்னதைச் சரிபார்க்கப் போய், வாலாட்டி நீந்தும் எண்ணற்ற அணுக்களைக் கண்டு லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். முழு மனிதனும் அதற்குள் சுருண்டிருக்கிறான் என்று நம்பியவர்கள் பலர். 1694இல் ஹார்ட்சூக்கர் அப்படியொரு குட்டி மனிதனைப் படமாகவே வரைந்தார். பாலூட்டியின் கருமுட்டையை வான் பேயர் கண்டது 1827இல். ஒரு விந்தணுவின் கருவும் ஒரு முட்டையின் கருவும் ஒன்றாவதைக் கடல் முள்ளெலியில் ஆஸ்கர் ஹெர்ட்விக் பார்த்தது 1876இல். நிலம் என்று நினைத்ததும் வித்துதான் என்று தெரிய 200 ஆண்டு ஆயிற்று.

விந்தணுவை எண்ணிப் பார்ப்பது 20ஆம் நூற்றாண்டு வழக்கம். 1929இல் அமெரிக்காவில் மெக்கோம்பரும் சாண்டர்ஸும் எண்ணும் முறையை மருத்துவ இதழில் எழுதினர். 1951இல் நியூயார்க்கில் மெக்லவுடும் கோல்டும், பிள்ளை பெற்ற 1,000 ஆண்களையும் பிள்ளையில்லாத் தம்பதியரில் 1,000 ஆண்களையும் ஒப்பிட்டனர். ஒரு மில்லி லிட்டருக்கு 2 கோடி என்ற எல்லைக்கோடு அந்த வேலையிலிருந்து வந்தது. உலக சுகாதார நிறுவனம் 1980இல் முதல் கையேட்டை வெளியிட்டது. 2021இல் வந்த ஆறாம் பதிப்பு, மில்லி லிட்டருக்கு 1.6 கோடி அணு, அவற்றில் 42 சதம் அசைவு என்பவற்றைக் கீழ்வரம்பாகக் காட்டுகிறது. இது பிள்ளை பெற்ற ஆண்களில் கடைசி 5 சதத்தினரின் அளவு மட்டுமே. இதற்குக் கீழே இருப்பவருக்குப் பிள்ளை பிறக்காது என்று பொருள் இல்லை, மேலே இருப்பவருக்குப் பிறந்தே தீரும் என்றும் இல்லை. ஆய்வறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு கலங்கி நிற்கும் ஆணுக்கு முதலில் சொல்லவேண்டியது இதுதான்.

தமிழ்நாட்டு அரசு மருத்துவம் ஆணின் விந்துப் பாதையைப் பெருமளவில் கையாளத் தொடங்கியது பிள்ளை கொடுக்க அல்ல, தடுக்க. 1950களின் பிற்பகுதியில் சென்னை மாநிலம் ஆண் கருத்தடைக்கு ரொக்கம் கொடுத்து நாட்டுக்கே முன்னோடியானது. அறுவைக்குப் பிறகு ஏறக்குறைய மூன்று மாதம் கழித்து விந்தைப் பார்த்து, அதில் அணு இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும். விந்தணுக் குழாயை மட்டும் வெட்டிக் கட்டும் அந்தச் சிகிச்சையால் உடலுறவுத் திறனோ ஹார்மோனோ குறைவதில்லை. ஊர் அப்படி நம்பவில்லை. ஆண்மை போய்விடும், ஏர் பிடிக்கத் தெம்பு இராது என்ற அச்சம் பரவியது. நெருக்கடி நிலைக் காலத்துக் கட்டாய முகாம்கள் நாடு முழுக்க அந்த அச்சத்தைக் கெட்டிப்படுத்திவிட்டன. ஆண்மையும் பிள்ளை கொடுக்கும் திறனும் ஒன்றே என்ற குழப்பம்தான் இதற்கு மூலம். உறவில் எந்தக் குறையும் இல்லாத, மீசையும் உடலும் வாட்டசாட்டமான ஆணின் விந்தில் ஓர் அணுவும் இல்லாமல் இருக்கலாம். அணு உள்ள விந்தும் அணு இல்லாத விந்தும் கண்ணுக்குப் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், ஏனெனில் விந்து நீரில் பெரும்பங்கு விந்துப்பையும் புராஸ்டேட் சுரப்பியும் தருவது.

இந்தக் குழப்பத்தில் ஒரு வியாபாரமே தழைத்தது. பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள லாட்ஜில் மாதம் ஒருநாள் முகாம் போடும் வைத்தியர்கள், சுவரில் ஒட்டிய மஞ்சள் நோட்டீசுகள், சொப்பன ஸ்கலிதம் பற்றிய பயமுறுத்தல்கள் எல்லாம் இரண்டு மூன்று தலைமுறை இளைஞரைக் குற்றவுணர்வில் ஆழ்த்தின. விந்து போனால் உயிர் போகும் என்று நம்பிச் சோர்ந்து வரும் ஆண்களின் நிலைக்கு, மனநல மருத்துவர் நரேந்திர நாத் விக் 1960இல் தாது நோய் என்று பெயரிட்டார். பாலியல் திறன் கூட்டுவதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் தடுக்கிறது. நோட்டீசுகள் நிற்கவில்லை. அங்கே பணம் கொட்டிய ஆண்களில் பலருக்கு ஒரு முறையான பரிசோதனைகூட நடந்ததில்லை என்பதே இதில் பெரிய கொடுமை.

பரிசோதனையோ எளியது. இரண்டு முதல் ஏழு நாள் உறவு விலக்கி, வாயகன்ற சுத்தமான பிளாஸ்டிக் டப்பாவில் விந்தைப் பிடித்துக் கொடுக்க வேண்டும். வந்த புதிதில் அது கஞ்சிப்பசை போலக் கட்டியாக இருக்கும். உடல் சூட்டில் வைத்தால் அரைமணி, ஒருமணி நேரத்தில் தானே இளகி நீராகும். கோடு போட்ட எண்ணும் கண்ணாடியில் ஒரு துளி வைத்து உருப்பெருக்கியில் பார்ப்பார்கள். நேராக விரைபவை, நின்ற இடத்திலேயே துடிப்பவை, அசையாதவை என்று பிரித்து எண்ணுவார்கள். ஓர் அணுவின் நீளம் மில்லி மீட்டரில் இருபதில் ஒரு பங்கு. தலையில் தந்தையின் பாதி மரபு, நடுப்பகுதியில் விசை தரும் மைட்டோகாண்டிரியா, மிச்சமெல்லாம் வால். அறிக்கை வந்தபின் வீட்டில் சொல்லப்படுவது இரண்டு வார்த்தை: “கவுன்ட் கம்மி.”

ஓர் அணு விதையில் உருவாகச் சுமார் 74 நாள், முதிர்ந்து வெளிவர மேலும் சில நாள் ஆகும். ஆகவே இன்றைய அறிக்கை சொல்வது மூன்று மாதத்துக்கு முந்தைய உடலின் கதை. அன்று வந்த கடுங்காய்ச்சல் இன்றுதான் தெரியும். ஓர் அறிக்கையை மட்டும் வைத்து முடிவு செய்யாமல் இரண்டாம் முறை பார்க்கச் சொல்வது இதனால்தான். விதைகள் உடலுக்கு வெளியே தொங்குவது வெப்பத்துக்காக. உள்ளுடலைவிட இரண்டு மூன்று டிகிரி குறைவாக இருந்தால்தான் வேலை நடக்கும். விதைப்பையின் சிரைகள் புடைத்துச் சுருளும் வெரிகோசீல், பொதுவாக ஆண்களில் 15 சதத்தினருக்கும், பிள்ளையில்லாத ஆண்களில் ஏறக்குறைய 40 சதத்தினருக்கும் இருக்கிறது. புகையிலை, பருவ வயதுக்குப்பின் வரும் பொன்னுக்குவீங்கி, சிறுவயதில் இறங்காத விதை, சர்க்கரை நோய், அடுப்புச் சூட்டிலேயே நாள் கழிக்கும் வேலை ஆகியவையும் காரணமாகலாம். பூச்சிமருந்தும் காரணமாகும் என்பதற்கு மறுக்கமுடியாத சான்று 1977இல் கிடைத்தது. கலிபோர்னியாவில் டிபிசிபி என்ற நூற்புழு மருந்து தயாரித்த ஆலைத் தொழிலாளர்கள், தங்களில் யாருக்கும் பிள்ளை பிறக்கவில்லையே என்று தங்களுக்குள் பேசிக்கொண்டதிலிருந்து அது வெளிவந்தது. சில குறைகள் பிறவியிலேயே ஒய் குரோமோசோமில் இருக்கும். ஹைதராபாத் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையம் 2003இல் வெளியிட்ட ஆய்வில், விந்தில் அணுவே இல்லாத 340 இந்திய ஆண்களில் 29 பேருக்கு அந்தக் குரோமோசோமில் துண்டுகள் விடுபட்டிருந்தன. எந்த விரதமும் எந்த இளையாளும் அதைச் சரிசெய்திருக்க முடியாது.

சோதனைக்குழாய்க் குழந்தை தென்னிந்தியாவுக்கு வந்தது 1990இல், சென்னையில் மருத்துவர் கமலா செல்வராஜின் கையால். ஆனால் அணு மிகக் குறைந்த ஆண்களுக்கு உண்மையான வழி திறந்தது 1992இல். பிரஸ்ஸல்ஸில் பலெர்மோவும் சக மருத்துவர்களும் ஒற்றை விந்தணுவை நுண்ணூசியால் முட்டைக்குள் செலுத்திப் பிள்ளை பிறக்கச் செய்தனர். இக்ஸி என்ற அந்த முறைக்குக் கோடி அணு வேண்டாம், ஒன்று போதும். விந்தில் இல்லையென்றால் விதையிலிருந்தே எடுக்கலாம். செலவுதான் சுவர். தனியார் மையங்களில் ஒரு சுற்றுக்கே லட்சக்கணக்கில் ஆகும். நகை அடகுக்குப் போகும், நிலம் கைமாறும். எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் கருத்தரிப்பு மையம் வந்தது அண்மையில்தான். 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி, மணலூர்பேட்டைக்காரர் மருத்துவத்துக்குப் போகவேண்டிய தூரத்தைக் குறைத்திருக்கிறது. விந்துப் பரிசோதனைக்குச் சென்னை போகவேண்டியதில்லை. கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வருபவருக்கு அந்தத் தூரமும் ஒரு நாள் கூலி.

சொந்த அணுவுக்கே வழியில்லாதவருக்குத் தானம் உண்டு. 2021ஆம் ஆண்டு கருத்தரிப்புத் தொழில்நுட்பச் சட்டப்படி விந்து கொடுப்பவருக்கு வயது 21 முதல் 55 வரை இருக்க வேண்டும். பதிவு பெற்ற வங்கி வழியாகவே அது வர வேண்டும். அவருக்குப் பிள்ளைமீது எந்த உரிமையும் கிடையாது. அப்படிப் பிறக்கும் பிள்ளை, சிகிச்சை பெற்ற தம்பதிக்கே பிறந்த பிள்ளையாகக் கருதப்படும். பெற்ற பிள்ளைக்குள்ள உரிமை முழுவதும் அதற்கு உண்டு. சொத்தும் அதற்கு, தந்தை பெயரும் அதற்கு, கொள்ளிக் குடமும் அதன் தோளுக்கு.